எள்ளுவாரும் வன்றொண்டரும்



கொங்கு நாட்டார்க்கென்று பிற நாட்டார் வழங்கும் அடைமொழி ஒன்று உண்டு. ‘கோயம்புத்தூர்க் குசும்பு’ என்பர். முகத்தில் சிரிப்பின் சாயலும் இன்றி, ‘ஏனுங்க’ என்று மரியாதையோடு தொடங்கிப் பேசுவார்கள். கேட்டவர் வீட்டிற்குப் போய்ப் பாயில் படுத்த பிறகே, தம்மை எள்ளிவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கும். இவ்வித்தையில் வல்லவரைக் ‘குசும்பர்’ என்று ஊரார் அழைப்பர். அப்பட்டம் பெற்றவர் அதற்காக வருந்துவதில்லை, பெருமையே கொள்கிறார். எள்ளப்பட்டவர் என்ன கொண்டார் என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. எள்ளுகின்றவரைக் குறிக்க நம் மொழியில் வழங்கிய பெயர்கள் எவை, அவற்றுள் நம் சமயம் எதனைத் தள்ளிற்று, எதனைத் தலைமேல் வைத்துக்கொண்டது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

‘எள்ளல்’ என்பது பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என வகுத்து, அவற்றுள்ளும் எள்ளலையே முதலாவதாக எண்ணினார். இவ்விடத்தில் உரையாசிரியர் பேராசிரியர் ஒரு நுட்பம் காட்டுகிறார். எள்ளல் இருவகைப்படும்: பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. முதல்வகை எல்லார்க்கும் எளிது. இரண்டாம் வகை யாருக்கு வாய்க்கும்? பாடம் கேட்ட நாளில் நாம் இதனை ஓர் இலக்கண வகைப்பாடாகவே எண்ணிக் கடந்து போனோம். அதன் பொருள் விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எவ்வாறு விளங்கிற்று என்பதை இறுதியில் சொல்லுவோம்.

நகை என்னும் சொல்லின் மேன்மையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய இலக்கியத்தில் ‘நகைவர்’ என்றால் நண்பர் என்று பொருள். உடனிருந்து மகிழ்ந்து சிரிப்பவர் ஆதலின் அப்பெயர். ஒரே நகையிலிருந்து நண்பனும் பிறந்தான், எள்ளுவானும் பிறந்தான். வள்ளுவப் பெருந்தகை நட்பைப் பற்றிக் கூறுமிடத்து, அது கூடிச் சிரித்திருப்பதற்காக அன்று, நண்பன் நெறி தவறும்போது முந்திச் சென்று இடித்துரைப்பதற்காக என்கிறார். இடித்துரைத்தல் வேறு, எள்ளுதல் வேறு. இரண்டிலும் சொல் சுடத்தான் செய்யும். ஆயினும் இடித்துரைத்தவன் மறுநாளும் நம் திண்ணையில் வந்து அமர்வான். எள்ளியவன் சிரிப்பைக் கொண்டுபோய் வேறிடத்தில் செலவு செய்வான்.

எள்ளலின் வன்மையை அறிய ஒரு வரலாறு போதும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளம் பருவத்தில் அரசுகட்டில் ஏறினான். சேர சோழரும் வேளிர் ஐவரும் ஒன்றுகூடி, ‘இவன் சிறுவன்’ என்று நகைத்தனர். அந்த ஒரு சொல்லே அவனை வஞ்சினம் கூற வைத்தது. அவர்களை வெல்லாவிடின் குடிகள் தன்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றுக, மாங்குடி மருதன் முதலிய புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்று அவனே பாடிய பாட்டு புறநானூற்றில் 72ஆம் பாடலாக இருக்கிறது. எழுவரையும் அவன் வென்றான். நாட்டாசையும் அப்போருக்குக் காரணமாய் இருந்திருக்கலாம். ஆனால் அப்பாட்டில் அவன் நாவில் நின்றது அந்தச் சிரிப்புத்தான்.

பின்னாளில் வடமொழித் தொடர்பால் வேறு சொற்களும் வந்து சேர்ந்தன. ‘ஹேலனம்’ ஏளனமாயிற்று, ‘பரிஹாசம்’ பரிகாசமாயிற்று, ‘நிந்தா’ நிந்தையாயிற்று. ஏசு, ஏச்சு, ஏசல் என்பனவும் உடன் வழங்கின. மேளத்தில்கூட ‘நையாண்டி’ என ஒரு வகை இருப்பதை அறிவீர்கள். வள்ளியம்மையும் தெய்வயானை அம்மையும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதாக அமைந்த ஏசற் பாட்டுகளைத் திருவிழாக் கடைகளில் சிறு புத்தகங்களாக நாமே வாங்கியிருக்கிறோம். அணிநூலார் ‘வஞ்சப்புகழ்ச்சி’ என்று ஓர் அணியே வகுத்துவிட்டனர். பழிப்பது போலப் புகழ்தலும் புகழ்வது போலப் பழித்தலும் அதன் இலக்கணம். காளமேகப் புலவர் அதில் தனியரசு செலுத்தினார்.

திருவாசகத்திலும் இது உண்டு. திருச்சாழலில் ஒரு பெண், ‘உங்கள் பெருமான் நீறு பூசுவதும் பாம்பு அணிவதும் என்ன கோலமடி?’ என்னும் போக்கில் எள்ளிக் கேட்கிறாள். மற்றொருத்தி விடை கூறுகிறாள். இருபது பாடல்கள். ஒவ்வொன்றிலும் முற்பாதி எள்ளுவாளுக்கு உரியது. அவளை மணிவாசகர் பாட்டிலிருந்து வெளியேற்றவில்லை. நீத்தல் விண்ணப்பத்திலோ அடிகளே ஏசத் துணிகிறார். என்னைக் கைவிட்டால் உன்னைப் பித்தன் என்று ஊரறியப் பழிப்பேன் என்று பெருமானையே மிரட்டுகிறார்.

‘பித்தன்’ என்னும் இச்சொல்லுக்கு நம் சமயத்தில் நெடிய வரலாறு உண்டு. அதைப் பார்த்தால்தான் திருப்பூருக்கு அருகில் நம் வாயிலில் நிற்கும் திருமுருகன்பூண்டிக்கு வழி தெரியும்.

புத்தூரில் மணப்பந்தல். நம்பியாரூரர் மணக்கோலத்தில் வீற்றிருக்கிறார். தண்டூன்றி வந்த முதிய அந்தணர் ஒருவர், ‘இவன் எனக்கு வழிவழி அடிமை’ என்று வழக்குரைக்கிறார். அந்தணர் வேறோர் அந்தணர்க்கு அடிமையாவதோ! கேட்டவர் சிரித்தனர், நம்பிகளும் சிரித்தார், ‘நீர் பித்தரோ?’ என்று கேட்டார். இதுதான் எள்ளல். இளமை, செல்வம், சுற்றம் ஆகிய எல்லாம் ஒரு பக்கம். நடுங்கும் கையில் ஓர் ஓலை மட்டும் மறுபக்கம். முதியவர் சினந்தாரா? பித்தன் என்றாலும் சரி, பேயன் என்றாலும் சரி, நீ எத்தனை இழிவு கூறினாலும் எனக்கு நாணமில்லை, நீ வந்து என் பணியைச் செய் என்பதே அவர் விடை. எள்ளலுக்கு இதைவிட அமைதியான மறுமொழியை நாம் எந்த நூலிலும் கண்டதில்லை.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றதும், ஓலை மெய்யென்று அவையோர் தீர்ப்பளித்ததும், முதியவர் கோயிலுக்குள் மறைந்ததும் நீங்கள் அறிந்தனவே. அதன் பின் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் மிகக் கவனமாகச் சொல்லுகிறார். எம்மோடு வன்மொழி பேசினாய், ஆதலின் ‘வன்றொண்டன்’ என்னும் பெயர் பெற்றாய் என்று இறைவன் அருளுகிறான். எதைப் பாடுவது என்று நம்பிகள் திகைத்தபோது, முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அதைக்கொண்டே தொடங்கு என்கிறான். எள்ளுவதற்கு எடுத்த சொல் ஏழாம் திருமுறையின் முதற்சொல் ஆயிற்று. எள்ளியவருக்கு ‘நிந்தகன்’ என்ற பெயர் கிடைக்கவில்லை. தொண்டர் என்ற பெயர் கிடைத்தது. ஆனால் ‘வன்மை’ என்னும் அடையை இறைவன் நீக்கவும் இல்லை. பேசியது வன்சொல் என்பது அப்பெயரிலேயே பதிந்துவிட்டது.

இனிப் பூண்டிக்கு வருவோம். திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், சிற்பக் கூடங்களின் உளியோசைக்கு நடுவே, மேற்கு நோக்கியிருக்கிறது முருகநாதேசுவரர் திருக்கோயில். அவிநாசியும் இதுவும் கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் இரண்டு. சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பொன்னும் மணியும் துகிலும் பொதிகளாகச் சுமப்பித்து நம்பிகள் இவ்வழியே வந்தார். சிவபூதங்கள் வேடர் வடிவில் வந்து அவற்றைப் பறித்துக்கொண்டன. தாமே அன்றிப் பிறர் கொடுத்ததைத் தம் தோழன் கொள்ளலாகாது என்று இறைவன் எண்ணினான் எனப் பெரியோர் காரணம் கூறுவர். பொருளை இழந்தவர் நேரே திருக்கோயிலுக்குச் சென்றார். அங்கே அவர் பாடியது வணக்கப் பாட்டன்று. வாயிலில் நின்று தொடுத்த வழக்கு. வழிப்போக்கரை அடித்துப் பறிக்கும் வேடுவர் ஊரில் உமக்கு என்ன வேலை? எல்லையைக் காப்பதும் இல்லையானால் எதற்காக இங்கே இருக்கிறீர்? உமது எருதின் கால் முறிந்துவிடவில்லையே, ஏறிக்கொண்டு வேறிடம் போகலாமே என்பது அதன் கருத்து. நடுநாட்டுத் திருநாவலூரில் பிறந்தவர் கொங்கு மண்ணில் கால் வைத்தவுடன் இம்மண்ணின் குசும்பு அவருக்கும் ஒட்டிக்கொண்டது போலும்! இது ஆராய்ச்சியன்று, கொங்கு நாட்டார் மேலுள்ள உரிமையால் சொல்லுகிறோம்.

ஆராய வேண்டியது வேறொன்று உண்டு. அப்பதிகத்தைப் பலமுறை ஓதிய பின்னரே அது நம் கண்ணில் பட்டது. இழந்தது சேரமான் தந்த பெருநிதி. பதிகத்தில் நம்பிகள் திரும்பத் திரும்ப எடுத்துரைப்பதோ வேடுவர் வழிச்செல்வோரின் ‘கூறை’யைப் பறிப்பதைத்தான். கூறை என்பது உடுத்த துணி. நிதி சுமந்து வந்தவரின் இழப்பைவிட, உடுத்த துணியும் பறிபோன ஏழை வழிப்போக்கரின் இழப்பே அவர் நாவில் நிற்கிறது. நாள்தோறும் நடக்கும் கொலையையும் சொல்லுகிறார். அவர் ஏசியது யாருக்காக என்பது இங்கே தெரிகிறது. உயர்ந்த இடத்தில் இருப்பவனை நோக்கி, தாழ்ந்து கிடப்பவர் பொருட்டு, எதிரில் நின்றுகொண்டு பேசிய பேச்சு அது. பேசிவிட்டு அவர் ஓடிப்போகவும் இல்லை. பறித்த பொருள் யாவும் கோயில் வாயிலில் குவிந்தன என்பது வரலாறு. அன்று கூறை பறிபோன அவ்வழியில்தான் இன்று உலகத்தார்க்கெல்லாம் கூறை தைத்து அனுப்புகிறார்கள். பனியன் பொதிகள் ஏற்றிய லாரிகள் அச்சாலையில் இரவெல்லாம் ஓடுகின்றன.

எள்ளுவார் என்னும் பெயருக்கு முழுதும் உரியவரைக் காண வேண்டுமானால் தண்டியடிகள் புராணத்தைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே கண்ணில்லாத அடிகள், திருவாரூர்க் குளம் தூர்ந்து போவது கண்டு மனம் பொறாது, கயிறு கட்டி அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். அருகிருந்த சமணர், கண்தான் இல்லை, காதும் இல்லையோ என்று எள்ளினர் எனப் புராணம் கூறுகிறது. முடிவில் அடிகள் கண் பெற்றார். எள்ளியவர் கண் இழந்தனர். இவ்வரலாற்றைச் சொல்லும்போது நம் அவைகளில் கைதட்டல் எழுவதுண்டு. தட்டும் முன் ஒன்று நினைக்க வேண்டும். நம் பக்கத்தார் எள்ளவில்லையா? ஞானசம்பந்தப் பெருமான் பதிகங்களில் பத்தாம் பாடல் சமணரையும் சாக்கியரையும் இடித்துரைப்பதற்கென்றே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுள்ளது. இன்று ‘குண்டர்’ என்றவுடன் 1982ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வருகிறது. தேவாரத்தில் அது சமணரைச் சுட்டிய வசைச்சொல். அக்காலச் சமயப் போரின் வெப்பம் அது. அருளாளர் வாக்கில் குறை காண நாம் யார்? ஆனால் அந்த வெப்பத்தை இக்காலத்தில் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. சமணராகிய பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை வைத்துத்தான் நமக்கு எழுத்தும் சொல்லும் கற்பித்தார்கள். அந்நூலுக்குச் சைவராகிய சங்கர நமச்சிவாயர் உரை செய்தார். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விரிவாக்கினார். பெருங்கதை பாடிய கொங்குவேளிரும் சமணரே. அவரது விசயமங்கலம் இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்குள்ள சமணக் கோயிலை இன்றும் காணலாம்.

பூண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மனம் பேதலித்தவர்களை உறவினர் இத்தலத்திற்கு அழைத்து வந்து, தீர்த்தமாட்டி, சன்னிதியில் இருத்தி வழிபடச் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சூரபதுமனைக் கொன்ற பழி நீங்க முருகப்பெருமானே வழிபட்ட தலம் என்று தலபுராணம் கூறுவதால் இந்நம்பிக்கை வேரூன்றியது. மருத்துவமும் உடன் வேண்டும் என்பதை நாம் எந்த மேடையிலும் சொல்லத் தயங்கியதில்லை. இங்கே நாம் கருதுவது வேறு. வெளியே தெருவில் ‘பைத்தியம்’ என்று எள்ளிக் கல்லெறியப்பட்ட ஒருவன், உள்ளே வந்தால் காண்பது யாரை? அந்தப் பெயரையே தன் பெயராக ஏற்று, பாட்டின் முதற்சொல்லாகப் பாடச் சொல்லிக் கேட்ட ஒருவனை. எள்ளுவார் தெருவில் நின்றுவிடுகிறார்கள். சொல் மட்டும் உள்ளே போய்த் திருப்பெயராகிவிடுகிறது.

தெருவில் இன்று வழங்கும் சொற்களையும் கேட்கத்தான் செய்கிறோம். பல நூறு காதம் கடந்து பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளை ‘வடக்கன்’ என்று சுட்டிச் சிரிப்பதைத் தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறோம். ஒருவர் பிறந்த திசையைச் சொல்லுவது எப்படி வசையாகும் என்று கேட்கலாம். சொல்லும் முகத்தைப் பார்த்தால் தெரியும். உருவத்தைக் கண்டு எள்ளலாகாது, பெருந்தேர் ஓடுவது சிறு அச்சாணியால் என்றார் வள்ளுவர். அவிநாசியின் சித்திரைத் தேருக்கு வடம் பிடித்தவர்க்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

பிறரைப் பற்றி இத்தனை பேசிய நாம் நம்மைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் ஒரு திருவிழாவில் கழறிற்றறிவார் புராணம் சொல்ல அமர்ந்தோம். முன்வரிசைக்கு அடுத்து ஒருவர் தூணில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். தலையிலும் புருவத்திலும் மீசையிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு. அவையைக் கலகலப்பாக்க வேண்டும் என்னும் ஆசை பேச்சாளனுக்கு ஒரு நோய். ‘சேரமான் கதை கேட்கப் பஞ்சு மூட்டை ஒன்றும் வந்து சாய்ந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டோம். அவை சிரித்தது, அவர் விழித்தார். எல்லாரும் தம்மையே நோக்குவது கண்டு, தோளில் கிடந்த துண்டால் தலையைத் தட்டிக்கொண்டே எழுந்து போனார்.

நாம் கதையைத் தொடர்ந்தோம். யானைமேல் உலா வந்த சேரமான் பெருமாள், உவர்மண் சுமந்து வரும் வண்ணார் ஒருவரைக் காண்கிறார். மழையில் கரைந்த மண் மேனியெல்லாம் வழிந்து உலர்ந்து வெளுத்திருக்கிறது. அரசருக்கு அது திருநீற்றுக் கோலமாகத் தோன்றுகிறது. யானையிலிருந்து இறங்கித் தொழுகிறார். அவர் நடுநடுங்கி, ‘அடியேன் வண்ணான்’ என்கிறார். ‘அடியேன் சேரன்’ என்கிறார் அரசர். இந்த இடத்தில் நமக்குக் குரல் எழவில்லை. தண்ணீர் அருந்துவது போல் சற்று நேரம் போக்கினோம். வெளுத்த மேனியைக் கண்டு யானையிலிருந்து இறங்கியவரின் கதையைச் சொல்ல வந்தோம். அதே வெண்மையைக் கண்டு நாம் செய்தது என்ன? எள்ளுவார் யார் என்று நூல்களில் தேட வேண்டிய தேவை அன்று நமக்கு இல்லாமற் போயிற்று.

மறுநாள் விசாரித்தோம். அவர் நிட்டிங் கம்பெனித் தொழிலாளி. ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு, வீட்டிற்குப் போனால் தூங்கிவிடுவோம், கதை கேட்க முடியாது என்று நேரே கோயிலுக்கு வந்தவர். மூன்றாம் நாள் மாலை, செருப்பு வைக்கும் இடத்தருகே அவரே எதிர்ப்பட்டார். நாம் கைகூப்பி, அன்று சொன்னது பிழை, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றோம். அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

“அட உடுங்க சாமி, தூங்குனது நெசந்தானுங்களே! பஞ்சும் நெசந்தானுங்க” என்றார்.

எள்ளப்பட்டவன் தானே நகுவது என்று பேராசிரியர் எழுதியது இதைத்தான் என்று அப்போது விளங்கிற்று. அச்சிரிப்பில் பகை ஒரு துளியும் இல்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

“அந்த வண்ணாரு கதையின்னு வூட்டுல சொன்னாங்க. நாந்தான் முன்னாலயே எந்திரிச்சுப் போயிட்டனுங்களே. அப்பறம் அவுரு என்னானாருங்க?”

மேடையில் பிரசங்கம் தொடங்க அழைப்பு வந்துவிட்டது. சற்றுப் பொறுக்கும்படி சொல்லியனுப்பிவிட்டு, செருப்புகளுக்கு நடுவே நின்றபடி, யானையிலிருந்து அரசர் இறங்கிய இடம் முதல் அவருக்கு மட்டும் ஒருமுறை சொன்னோம்.